வன்னிக் கமக்காரர் அமைப்புகளுக்கு: காலபோகக் கூட்டத்தில் மலேரியாவையும் கொஞ்சம் பேசுங்கள்

தலைவர்மார், செயலாளர்மார், பொருளாளர்மார் எல்லோருக்கும் வணக்கம்.

காலபோகக் கூட்டம் என்றால் பேச எவ்வளவோ இருக்கிறது. குளத்தில் எத்தனை அடி தண்ணீர் நிற்கிறது, எந்தத் திகதிக்குள் விதைத்து முடிப்பது, உரம் எப்போது வரும், கட்டாக்காலி மாடுகளை யார் பிடிப்பது. இதற்குள் மலேரியாவையும் பேசுங்கள் என்றால் "அதுதான் போயிட்டுதே பிள்ளை" என்று சிரிப்பீர்கள். சரி, போய்விட்டதுதான். இந்த நாட்டிலேயே தொற்றித் தொடர்ந்து பரவிவந்த மலேரியாவின் கடைசி நோயாளி 2012 ஒக்டோபரில் பதிவானார், 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் சான்றிதழும் தந்தது. ஆனால் போனது கிருமி மட்டும். அதைக் காவுகிற நுளம்பு நம் வாய்க்காலிலும் கிணற்றிலும்தான் இன்னும் இருக்கிறது.

வயது போனவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை, மத்தியான வெயிலில் சாக்கைப் போர்த்திக்கொண்டு பல்லுக்குப் பல் அடிக்க நடுங்கினவர்களைக் கண்டவர்கள் நீங்கள். 1999இல்கூட நாட்டில் இரண்டரை இலட்சத்துக்கு மேற்பட்டோருக்கு வந்தது. அதைவிடப் பயமான கதை அதற்கு முந்தியது: 1963இல் நாடு முழுவதும் வெறும் 17 பேர், இனி என்ன பயம் என்று மருந்து தெளிப்பதை நிறுத்தி, காய்ச்சல்காரரின் இரத்தம் பார்ப்பதையும் தளரவிட்டார்கள், 1969இல் கணக்கு ஐந்து இலட்சத்தைத் தாண்டியது.

மழை பெய்தால்தான் நுளம்பு என்று நினைக்கிறோம் அல்லவா, 1934-35இல் ஏறக்குறைய 80,000 பேரைக் கொண்டுபோன கொள்ளைநோய் வந்தது மழை பொய்த்ததால். ஆறுகள் ஓடாமல் நின்று, மணலில் அங்கங்கே வெயில் படும் தெளிந்த குட்டைகள் தேங்கின. நம் பக்கத்துப் பழைய மலேரியா நுளம்பான அனோபிலிஸ் கியூலிசிபேசிசுக்கு அதுதான் தொட்டில். ஆகவே குளத்து மதகான துரிசைப் பூட்டிய பிறகு வாய்க்காலில் நிற்கிற தண்ணீரையும் ஒருமுறை போய்ப் பாருங்கள். வெள்ளைக் கோப்பையில் அள்ளினால் தெரியும்: டெங்கு நுளம்பின் குடம்பி தலைகீழாகத் தொங்கும், அனோபிலிஸ் குடம்பி தண்ணீர் மேலே மட்டமாகப் படுத்திருக்கும்.

இப்போது இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது. இந்தியாவின் பட்டணங்களில் மலேரியாவைப் பரப்புகிற அனோபிலிஸ் ஸ்டெபன்சி 2016 கடைசியில் மன்னாரில் பிடிபட்டது. அது ஆற்றைத் தேடிப் போகாது, கிணறும் தொட்டியும் போதும். வன்னியில் அதற்கா பஞ்சம்? சனம் இடம்பெயர்ந்து போய் இன்னும் திரும்பாத காணிகளில் எத்தனை பாழ்கிணறுகள் வாய்திறந்து கிடக்கின்றன! மூடலாம், இல்லையென்றால் குடம்பியைத் தின்னும் கப்பி மீன் விடலாம், பெரிய செலவில்லை.

நுளம்பு இருந்தாலும் கிருமி வெளியிலிருந்து வரவேண்டும். வராது என்று எப்படிச் சொல்வது? தலயாத்திரைக்கும் கலியாணத்துக்கும் இந்தியா போய்வருகிறோம், அங்குள்ள அகதி முகாம்களிலிருந்து உறவுகள் திரும்பி வருகிறார்கள், ஆபிரிக்காவுக்கு வேலைக்குப் போகிறவர்களும் உண்டு. 2018 கடைசியில் மொனராகலையில் இந்தியாவிலிருந்து வந்த தொழிலாளி ஒருவரிடமிருந்து உள்ளூர்க்காரர் ஒருவருக்குத் தொற்றியது. உடனே கண்டுபிடித்ததால் அதோடு நின்றது. வந்தவரைக் குற்றவாளியாகப் பார்த்தால் அடுத்தவர் காய்ச்சலை மறைப்பார், அப்புறம் எல்லோருக்கும் கஷ்டம்.

எனக்கு உண்மையில் பயம் இந்த இடத்தில்தான். இப்போது காய்ச்சல் என்றாலே டெங்கு. டெங்குப் பரிசோதனையில் மலேரியா தெரியாது, இளம் வைத்தியர்களில் பலர் மலேரியா நோயாளியை நேரில் கண்டிருக்கவும் மாட்டார்கள். "போன மாதம் இந்தியாவில் நின்றேன், மலேரியாவுக்கும் இரத்தம் பாருங்கள்" என்று நோயாளியே வாய்விட்டுச் சொல்லவேண்டும். அரச வைத்தியசாலையில் அது இலவசம். ஆபிரிக்கா போகிறவர்களுக்கு முன்கூட்டியே போடும் குளிசையையும் மலேரியா தடை இயக்கம் காசில்லாமல் தருகிறது, கேட்கிறவர்கள்தான் குறைவு.

யானைக்கும் பன்றிக்கும் காவல் என்று இரவு முழுக்க வயல் கொட்டிலில் கிடக்கிறவர்களைப் பற்றியும் சொல்லவேண்டும். வீட்டில் வலை கட்டிப் படுக்கிறவர் அங்கே வெறும் மேலோடு படுக்கிறார். அனோபிலிஸ் கடிப்பது பொழுதுபட்ட பிறகுதான்.

இந்தமுறை கூட்டத்துக்குப் பொது சுகாதாரப் பரிசோதகரைக் கூப்பிட்டு ஒரு கால் மணித்தியாலம் கொடுங்கள். பாழ்கிணறுகளின் பட்டியல் ஒன்றையும் எழுதி அவர் கையில் கொடுங்கள், எந்தக் காணியில் எது கிடக்கிறது என்று உங்களைவிட யாருக்குத் தெரியும்?

இப்படிக்கு,
வவுனியாவிலிருந்து ஒரு கமக்காரரின் மகள்