கதவு தானாகப் பூட்டிக்கொள்ளும் வீடு

மாக்டபர்க், ஜெர்மனி
18.2.2024, ஞாயிறு (மாசி 6)

அன்புள்ள ஆச்சிக்கு,

உங்கள் பேரன் எழுதிக்கொள்வது. நான் நல்ல சுகம். போனில் நான் பேசுவது பாதிதான் காதில் விழுகிறது என்று போன வாரம் வருத்தப்பட்டீர்கள். அதனால்தான் காகிதத்தில் எழுதுகிறேன். தங்கச்சியைத் தார்சாவில் உட்கார வைத்து உரக்க வாசிக்கச் சொல்லுங்கள். அப்பா பக்கத்தில் இருந்தாலும் பரவாயில்லை, எதையும் மறைத்து எழுதவில்லை.

"யார் யார் கூடவோ ஒரே வீட்டுல இருக்கியே, சண்ட சத்தம் இல்லாம இருக்கியாலே?" என்று கேட்டீர்களே, அதற்குத்தான் இந்தக் கடிதம்.

வீடு நாலாவது மாடியில் இருக்கிறது. லிஃப்ட் கிடையாது. நாலு அறை, நாலு பேர். அடுக்களை ஒன்று, குளியலறை ஒன்று. என்னோடு இருப்பவர்கள் ஒரு ஜெர்மன் பெண், ஒரு வங்காளதேசப் பையன், கொலம்பியா நாட்டிலிருந்து வந்த ஒருவன். நம் வளவில் ஆறு வீட்டுக்கும் ஒரே கிணறு இருந்ததே, அதே கணக்குதான். என் அறைக்கு மாதம் 280 யூரோ வாடகை. விசாவுக்காக வங்கியில் முடக்கி வைத்த பணத்திலிருந்து மாதாமாதம் 934 யூரோதான் கைக்கு வரும். வாடகை, காப்பீடு, சாப்பாடு எல்லாம் அதற்குள் முடிய வேண்டும். முடிகிறது, கவலைப்படாதீர்கள்.

அக்டோபரில் வந்த இரண்டாவது வாரமே ஒரு தப்பு செய்தேன். இரவு பத்தேகால் இருக்கும், சட்னிக்குத் தேங்காயும் பொரிகடலையும் போட்டு மிக்சியை ஓடவிட்டேன். மறுநாள் காலையில் எங்கள் கதவில் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது. இரவு பத்து மணியிலிருந்து காலை ஆறு மணிவரை இங்கே சத்தம் போடக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை முழுக்கவே அப்படித்தான், சுவரில் ஆணி அடித்தால்கூடக் கேள்வி வரும். கீழ் வீட்டுப் பாட்டியம்மா எழுதிய சீட்டு அது. மரியாதையாகத்தான் எழுதியிருந்தார், கடைசியில் நன்றி என்றுகூட இருந்தது. ஆனாலும் எனக்கு நெஞ்சு கனத்துவிட்டது. வந்த இடத்தில் முதல் மாதமே கெட்ட பேர் வாங்கிவிட்டேனே என்று இரண்டு மாதம் அவர் கண்ணில் படாமல் படியேறினேன்.

அடுத்தது தாளிப்பு. இங்கே நடைபாதைக் கூரையிலும் படுக்கை அறைகளிலும் புகையைக் கண்டால் கத்துகிற சின்னக் கருவி வைத்திருப்பார்கள், சட்டப்படி அது இருக்க வேண்டும். நான் எண்ணெய் காய்ந்ததும் கடுகையும் மிளகாய் வத்தலையும் போட்டுவிட்டு, உப்பு எடுக்க அறைக்குப் போனேன். அடுக்களைக் கதவைச் சாத்தவில்லை. நெடி நடைபாதைக்கு வந்ததும் அந்தக் கருவி காதைப் பிளக்கிற மாதிரி கத்தியது. மூன்று பேரும் இருமிக்கொண்டே வெளியே ஓடிவந்தார்கள். அன்றிலிருந்து தாளிப்பதற்கு முன்பு கதவைச் சாத்திவிட்டு ஜன்னலை முழுசாகத் திறக்கிறேன். நீங்கள் புறவாசல் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு வத்தல் வறுப்பது நினைவுக்கு வரும்.

குக்கர் விஷயத்தைக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதில் இந்த ஊரின் பெருமையே இருக்கிறது. ஒரு நாள் ராத்திரி பருப்பு வேகவைத்து இறக்கிவிட்டு, பரீட்சைக்குப் படித்தபடியே தூங்கிவிட்டேன். காலையில் மூடி வரவில்லை. கொலம்பியாக்காரன் ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமுமாகப் பிடித்துத் திருகியும் அசையவில்லை. அப்போது அந்த ஜெர்மன் பெண், "இது நம்ம ஊர் மேயர் செய்து காட்டிய சோதனை அல்லவா!" என்றாள்.

ஓட்டோ ஃபான் கெரிக்கே என்று ஒருவர் பதினேழாம் நூற்றாண்டில் இந்த ஊரில் மேயராக இருந்தார். காற்றை உறிஞ்சி எடுக்கிற பம்பை உண்டாக்கியவர் அவர்தான். இரண்டு செம்பு அரைக்கோளங்களைச் சேர்த்து வைத்து, உள்ளே இருந்த காற்றை எடுத்துவிட்டு, 1657-ல் இந்த ஊரில் பக்கத்துக்கு எட்டாகப் பதினாறு குதிரைகளைக் கட்டி இழுக்க வைத்தார். கோளத்தைப் பிரிப்பது அவ்வளவு பாடாக இருந்ததாம். வெளியே உள்ள காற்று அழுத்துகிற பலம் அது. குக்கரிலும் அதுதான் நடந்தது, ஆச்சி. உள்ளே இருந்த ஆவி ஆறித் தண்ணீராகிவிட்டது, வெயிட் இறுக உட்கார்ந்துகொண்டதால் வெளிக்காற்று உள்ளே போக வழியில்லை. வெயிட்டை லேசாகத் தூக்கினேன், உஸ்ஸென்று காற்று உள்ளே போயிற்று, மூடி சுலபமாக வந்துவிட்டது. வீட்டிலும் அப்படி இறுகினால் கரண்டிக் காம்பால் நெம்ப வேண்டாம். குக்கர் நன்றாக ஆறிவிட்டது என்று தெரிந்த பிறகு வெயிட்டைத் தூக்கிப் பாருங்கள். அம்மாவிடமும் சொல்லுங்கள். அந்த மேயரின் சிலை ஊர் நடுவில் இருக்கிறது, அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் நின்று பார்த்துவிட்டுத்தான் போகிறேன்.

இனி டிசம்பர் 17-ம் தேதி. அன்றைக்கு நடந்ததை உங்களிடம் சொல்லவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை. காலையிலிருந்தே அங்கே நம்ம ஊரில் மழை விடாமல் கொட்டுகிறது என்று அம்மா சொல்லியிருந்தாள். சாயந்திரம் ஆறு மணிக்கு, நமக்கு அப்போது ராத்திரி பத்தரை, போனைச் சார்ஜில் போட்டுவிட்டுக் குப்பைப் பையைக் கீழே வைக்கப் போனேன். இந்த ஊர்க் கதவில் வெளிப்பக்கம் திருகுகிற பிடி கிடையாது. சாத்தினாலே பூட்டிக்கொள்ளும், சாவி இருந்தால்தான் திறக்கும். சாவி மேசைமேல், போனும் மேசைமேல். உடுத்தியிருந்தது சாரமும் பனியனும். வீட்டில் வேறு யாரும் இல்லை. பூட்டுத் திறக்கிற ஆளை ஞாயிறு ராத்திரியில் கூப்பிட்டால் கேட்கிற கூலிக்கு ஒரு மாதச் சாப்பாட்டுச் செலவு போய்விடும் என்று கேள்விப்பட்டிருந்தேன். கூப்பிடவும் கையில் போன் இல்லை.

படியில் உட்கார்ந்தேன். அரை மணி நேரத்தில் கை விறைத்துவிட்டது. வேறு வழியில்லாமல், யாருடைய கண்ணில் படாமல் இரண்டு மாதம் நடந்தேனோ அந்தப் பாட்டியம்மா வீட்டு மணியை அடித்தேன்.

கதவைத் திறந்தவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். ஒரு வார்த்தை கேட்கவில்லை, கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போய்க் கணப்புப் பக்கத்தில் உட்காரவைத்துக் கம்பளியைப் போர்த்தினார். புதினா டீ போட்டுக் கொடுத்தார். எனக்குத் தெரிந்த கொஞ்ச ஜெர்மனில் வீடு, மழை, அம்மா என்று சொன்னேன். தன் போனை எடுத்து நீட்டினார். எனக்கு மனப்பாடமாகத் தெரிந்தது அப்பாவின் நம்பர் ஒன்றுதான். மூன்று தடவை போட்டும் கிடைக்கவில்லை. அந்தப் பாட்டியம்மா ஒன்றும் பேசாமல் என் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தார். வங்காளதேசப் பையன் வேலை முடிந்து வந்து கதவைத் திறக்க ஒன்பது மணி ஆயிற்று.

அதற்கப்புறம் இரண்டு நாள் உங்கள் குரலைக் கேட்காமல் நான் பட்ட பாட்டை எழுத வரவில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை என்று செய்தியில் சொன்னார்கள். குறுக்குத்துறை முருகன் கோயிலை மூழ்கடித்துக்கொண்டு தாமிரபரணி ஓடுவதைப் போனில் பார்த்தேன். நாம் துணி துவைக்கிற படித்துறை எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. கூட இருக்கிற மூன்று பேரும் அந்த இரண்டு நாளும் என்னை அடுக்களைப் பக்கம் விடவில்லை, அவர்களே சமைத்துத் தட்டில் போட்டுத் தந்தார்கள். வங்காளதேசப் பையனுக்கு விளக்கிச் சொல்லவே வேண்டியிருக்கவில்லை, அவனும் வெள்ளம் பார்த்து வளர்ந்தவன். "வளவுக்குள் தண்ணீர் வரவில்லை, எல்லோரும் நல்லா இருக்கோம்" என்று அப்பா சொன்னதும் நான் முதலில் ஓடியது கீழ் வீட்டுக்குத்தான்.

கிறிஸ்துமஸ் கழிந்ததும் இங்கே எல்பே ஆறும் ஏறியது. ஊருக்கு மேலே பிரெட்சீன் என்ற இடத்தில் பெரிய மதகு ஒன்று உண்டு. அதைத் திறந்து தண்ணீரில் ஒரு பங்கை ஊரைச் சுற்றிப் போகிற கால்வாயில் திருப்பிவிட்டார்கள். அன்றைக்குப் பாட்டியம்மா மேலே ஏறிவந்து, பயப்படாதே, மதகைத் திறந்துவிட்டார்கள் என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனார். நாலு மாடி ஏறுகிற வயசில்லை அவருக்கு.

கிணற்றடியில் வாளியைப் போட்டபடி போய்விட்ட மூணாம் வீட்டு அத்தையை வளவே கேட்கும்படி நீங்கள் திட்டுவீர்கள், அன்று சாயந்திரமே அவர்கள் வீட்டுக்கு ரசம் கொடுத்தனுப்புவீர்கள். சின்ன வயசில் எனக்கு அது புரிந்ததே இல்லை. அந்தச் சீட்டை ஒட்டியவரும் கம்பளி போர்த்தியவரும் ஒரே ஆள்தான் என்று படியில் ஏறும்போது நினைத்தேன், உங்கள் ஞாபகம்தான் வந்தது. இப்போது நாங்களும் எதையும் மனசுக்குள் வைத்துக்கொள்வதில்லை. யார் எந்த வாரம் எதைத் துடைப்பது என்று ஒரு தாள் எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டியிருக்கிறோம். செய்யாதவரிடம் அன்றைக்கே நேராகச் சொல்லிவிடுவோம். எங்கள் சாவி ஒன்று பாட்டியம்மா வீட்டில் இருக்கிறது. என் சாவி கழுத்தில் கயிற்றில் தொங்குகிறது, குளிக்கும்போது மட்டும்தான் கழற்றுவேன். அதைத் தொலைத்தால் கட்டடத்துப் பூட்டுகளையே மாற்றச் சொல்லிப் பணம் கேட்கலாம் என்கிறார்கள்.

சின்னச் சின்ன விஷயங்களும் உண்டு. என் சிவப்புச் சாரத்தோடு கொலம்பியாக்காரனின் வெள்ளைச் சட்டையும் சலவை மெஷினில் போய்விட்டது. புதுச் சட்டை வாங்கிக் கொடுத்தேன். வீட்டுக்கு ஒன்றாக மாதம் 18.36 யூரோ வானொலி தொலைக்காட்சிக் கட்டணம் உண்டு. அதற்கு வந்த கடிதத்தை விளம்பரம் என்று தூக்கிப்போட்டு, நினைவூட்டுக் கடிதம் வந்த பிறகுதான் கட்டினோம். தேங்காய் எண்ணெய் மீந்த சட்டியைத் தொட்டியில் கழுவினேன். 24 டிகிரிக்குக் கீழே போனால் அது உறைந்துவிடுமே, குளிரில் குழாய்க்குள் கட்டிபிடித்துத் தண்ணீர் இறங்கவில்லை. அடியில் வாளி வைத்து வளைகுழாயைக் கழற்றிச் சுத்தம் செய்தோம். இப்போது காகிதத்தால் வழித்துக் குப்பையில் போட்டுவிட்டுத்தான் கழுவுகிறேன். தண்ணீர் பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் கடையில் 25 சென்ட் தருவார்கள், அந்தக் காசைச் சேர்த்துத்தான் அரிசி வாங்குகிறோம்.

ஒன்றை மட்டும் சொல்லத் தயக்கமாக இருக்கிறது. நீங்கள் வாங்கிக் கொடுத்த பத்தமடைப் பாய். கட்டிலில் தூக்கம் வராமல் தரையில் அதை விரித்துப் படுத்துவந்தேன், பகலிலும் சுருட்டவில்லை. குளிருக்குப் பயந்து ஜன்னலையும் திறக்கவில்லை, ஈரத்துணியையும் அறைக்குள்ளேயே காயப்போட்டேன். ஜனவரியில் ஒரு நாள் சுருட்டினால், அடிப்பக்கம் முழுக்கப் பூஞ்சணம். சுவர் ஓரத்திலும் கறுப்பாகப் படர்ந்திருந்தது. என் மூச்சும் துணியின் ஈரமும் போக வழியில்லாமல் குளிர்ந்த தரையில் தண்ணீராக இறங்கியிருக்கிறது. இங்கே உள்ளவர்கள் எவ்வளவு குளிராக இருந்தாலும் ஒரு நாளைக்கு மூன்று நாலு தடவை ஜன்னலை முழுசாகத் திறந்து ஐந்து பத்து நிமிஷம் காற்று விடுகிறார்கள். அந்த ஜெர்மன் பெண் இதை வந்த அன்றே சொன்னாள், நான்தான் கேட்கவில்லை. ஊரில் ஆனி ஆடிக் காற்று கேட்காமலே வீட்டுக்குள் வந்து போகும், காற்றை நாம்தான் உள்ளே விட வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. சுவரை ஸ்பிரிட் போட்டுத் துடைத்தோம். பாயைத் துடைத்து, கணப்புக்குப் பக்கத்தில் நாலு நாள் நிறுத்தி வைத்தேன். ஒரு மூலையில் மட்டும் கறை போகவில்லை. மன்னித்துக்கொள்ளுங்கள் ஆச்சி. இப்போது காலையில் எழுந்ததும் சுருட்டிச் சுவரில் சாய்த்துவிடுகிறேன், நீங்கள் செய்கிற மாதிரி.

சீக்கிரமே ஒரு ஞாயிற்றுக்கிழமை பாட்டியம்மாவையும் சேர்த்து ஐந்து பேருக்கு நான் சொதி வைப்பதாகச் சொல்லியிருக்கிறேன். நம்ம பக்கம் மறுவீட்டு விருந்துக்கு வைப்பது என்று சொன்னதிலிருந்து எல்லோரும் காத்திருக்கிறார்கள். இங்கே கிடைப்பது டின் தேங்காய்ப்பால்தான். முதல் பால், இரண்டாம் பால் என்று பிரித்து எடுக்க வழியில்லை. பாதி டின்னில் தண்ணீர் கலந்து காயை வேகவைத்துவிட்டு, கெட்டிப் பாலை இறக்கும்போது ஊற்றலாமா? ஊற்றியபின் ஒரு கொதிகூட வரக் கூடாதா? எலுமிச்சம்பழம் எப்போது பிழிவது? காரத்துக்குப் பச்சை மிளகாய் எத்தனை? பாட்டியம்மாவுக்குக் காரம் ஆகாது. இஞ்சித் துவையல் எனக்கே தெரியும். கடிதம் வந்ததும் தங்கச்சியிடம் சொல்லி, உங்கள் வாயால் சொல்வதைப் பதிவு செய்து அனுப்பச் சொல்லுங்கள். உங்கள் பதில் வந்த பிறகுதான் ஞாயிறு எது என்று அவர்களிடம் உறுதியாகச் சொல்வேன்.

அன்புடன்,
உங்கள் பேரன்