மால்டாவை ஒரே நாளில் முடித்துவிடும் பயண ஏற்பாட்டாளர்களுக்கு

இத்தாலியின் சிசிலித் தீவோடு சேர்த்து, அதற்குத் தெற்கே இருக்கும் குட்டித் தீவு நாடான மால்டாவையும் காட்டுகிறோம் என்று தமிழ்க் குடும்பங்களை நாற்பது நாற்பது பேராகக் கூட்டிப்போகும் நண்பர்களுக்கு வணக்கம். உங்களில் யாருடைய பெயரையும் இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் மற்றவர்கள் எல்லாரும் 'நல்லவேளை, நம்மைச் சொல்லவில்லை' என்று அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுவீர்கள்.

உங்கள் திட்டம் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கிறது. விடியற்காலையில் சிசிலியின் பொட்சாலோ துறைமுகத்தில் விரைவுக் கப்பல் ஏற்றி ஒன்றே முக்கால் மணி நேரத்தில் மால்டாவின் தலைநகர் வல்லெட்டாவில் இறக்குகிறீர்கள், மேல் பராக்கா பூங்காவில் பீரங்கி வெடிப்பதைக் காட்டுகிறீர்கள், அப்புறம் பழைய கோட்டை நகரம் ம்தினா, ஒரு கண்ணாடிப் பொருள் கடை, பஃபே சாப்பாடு, மீன்பிடி கிராமம், ராத்திரி திரும்பக் கப்பல். "சென்னை மாநகராட்சியைவிடச் சின்ன நாடு சார், இதுக்கு எத்தனை நாள் வேணும்?" என்று ஒரு வழிகாட்டி என்னிடமே கேட்டார். கணக்கு சரிதான். மால்டா, கோசோ, கொமினோ என்ற மூன்று தீவுகளையும் சேர்த்தே 316 சதுர கிலோமீட்டர்தான். ஆனால் அதற்குள் ஐந்தரை லட்சம் பேர் வாழ்கிறார்கள், 2024இல் மட்டும் வெளியிலிருந்து வந்தவர்கள் 35 லட்சத்துக்கும் மேல், சாலையெல்லாம் ஒடுக்கம், கார்களோ எக்கச்சக்கம். ஆக உங்கள் ஒரு நாளில் பாதி பேருந்துக்குள்ளேயே போய்விடுகிறது. ஜன்னல் வழியாகப் பார்த்ததையும் 'பார்த்த இடங்கள்' கணக்கில் சேர்த்துக்கொள்கிறீர்கள், அது வேறு விஷயம்.

இதில் ஞாயிற்றுக்கிழமை கூத்து ஒன்று இருக்கிறது. அந்த மீன்பிடி கிராமமான மார்சஷ்லொக்கில் ஞாயிறன்றுதான் பெரிய மீன்சந்தை, முகப்பில் கண் வரைந்த வண்ணப் படகுகளோடு படம் எடுக்க அருமையான இடம், அதனால் அன்றைக்கே கூட்டிவருகிறீர்கள். ஆனால் வல்லெட்டாவின் புனித யோவான் பேராலயத்துக்குள் ஞாயிறன்று பார்வையாளர்களை விடமாட்டார்கள். இதை உங்களில் யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை, வாசலில் நின்று "இன்னைக்கு லீவாம்" என்கிறீர்கள். ஒரு தேதியைப் பார்த்துப் போட்டிருந்தால் போதும், உங்கள் பயணிகள் இத்தாலிய ஓவியர் காரவாஜியோவின் ஆகப் பெரிய ஓவியத்துக்கு முன்னால் நின்றிருப்பார்கள்.

அந்த ஓவியத்தின் கதையை மட்டும் சொன்னாலே பேருந்தில் தூங்குகிறவர்கள் எழுந்து உட்காருவார்கள். காரவாஜியோ 1606இல் ரோமில் ஒருவனைக் கொன்றுவிட்டு ஓடிவந்த ஆள். மறுவருடம் மால்டாவுக்கு வந்து, தீவை ஆண்ட யோவான் சபை வீரர்களின் ஆதரவைப் பிடித்து, 1608இல் தானும் அந்தச் சபையில் வீரனாகிவிடுகிறார். புனித யோவானின் தலையை வெட்டும் காட்சியை வரைந்து, கழுத்திலிருந்து வழியும் ரத்தத்திலேயே தன் கையெழுத்தைப் போடுகிறார். அவர் கையெழுத்திட்ட ஒரே ஓவியம் அதுதான். கொஞ்ச நாளிலேயே அடிதடியில் சிக்கிக் கோட்டைச் சிறைக்குப் போகிறார், அங்கிருந்தும் தப்பி ஓடுகிறார். அதே வருடம் டிசம்பரில் அவரைச் சபையைவிட்டு நீக்கும் சடங்கு நடந்தது அந்த ஓவியம் தொங்கிய மண்டபத்திலேயே! இதற்குக் கால் மணி நேரம் ஒதுக்க முடியாத நீங்கள் கண்ணாடிக் கடைக்கு முக்கால் மணி நேரம் கொடுக்கிறீர்கள். கடையில் உங்களுக்கு என்ன கிடைக்கிறது என்று நான் கேட்கவில்லை, நீங்களும் சொல்லவேண்டாம். பேராலயத்துக்குக் கூட்டிப்போகும் நாளில், கூர்மையான குதிகால் செருப்போடு உள்ளே போக முடியாது என்பதை மட்டும் முந்தைய ராத்திரியே சொல்லிவிடுங்கள். தரை முழுக்க வீரர்களின் பளிங்குக் கல்லறைகள், அதில் கீறல் விழும்.

சரி, நான் எழுத வந்த முக்கியமான விஷயம் ஹைபோஜியம்.

வல்லெட்டாவுக்குப் பக்கத்தில் பாவோலா ஊரில் 1902 வாக்கில் வீடு கட்டத் தண்ணீர்த்தொட்டி வெட்டியபோது வேலையாட்களுக்குத் தென்பட்ட நிலத்தடிக் கல்லறை இது. மூன்று அடுக்கு. அதே காலத்தில் மேலே தரையில் கட்டிய கற்கோவில்களில் இருந்த அதே தூண், அதே வாசல், அதே உத்தரம் எல்லாவற்றையும் கீழே பாறையைக் குடைந்தே செய்திருக்கிறார்கள், அதுவும் இரும்பு, செம்பு எதுவும் கையில் இல்லாத காலத்தில். கூரையில் செங்காவியால் வரைந்த சுருள்கள் இன்னும் இருக்கின்றன. கி.மு. 4000 வாக்கில் தொடங்கி ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் பயன்பட்ட இடம், ஏறத்தாழ 7,000 பேரை இங்கே அடக்கம் செய்திருக்கலாம் என்று மதிப்பிடுகிறார்கள். நாம் விடும் மூச்சின் ஈரமும் கரியமில வாயுவும் அந்தக் காவியை அழித்துவிடும் என்பதால் ஒரு நடைக்கு பத்துப் பேர், ஒரு நாளைக்கு மொத்தம் 80 பேர், அவ்வளவுதான் அனுமதி. படம் எடுக்கக்கூடாது. சீட்டு மாதக்கணக்கில் முன்னாலேயே தீர்ந்துவிடும்.

இப்போது உங்கள் பேருந்தைப் பாருங்கள். நாற்பது பேர் என்றால் அந்த நாளின் பாதி சீட்டு உங்களுக்கே வேண்டும், நான்கு நடையாகப் பிரிந்து போகவேண்டும். ஒரு நாள் திட்டத்தில் இது நடக்கவே நடக்காது. அதனால்தான் உங்கள் தாளில் அந்தப் பெயரே வருவதில்லை என்பது எனக்குப் புரிகிறது. ஆனால் நான்கு நாள் தங்கினால் நாளுக்குப் பத்துப் பேராக அனுப்பலாம், மற்றவர்கள் அந்த நேரத்தில் கோவில்களுக்குப் போகலாம், இதில் கஷ்டமான கணக்கு எதுவும் இல்லை. விமானச் சீட்டு எடுத்தபிறகு ஹைபோஜியம் தேடுவதை விட்டுவிட்டு, ஹைபோஜியம் தேதி கிடைத்தபிறகு விமானம் தேடுங்கள். சீட்டு கிடைக்காமலே போனாலும் வல்லெட்டாவின் தேசியத் தொல்பொருள் அருங்காட்சியகம் இருக்கிறதே, ஹைபோஜியத்தில் கிடைத்த 'தூங்கும் பெண்' சிலை அங்கேதான் இருக்கிறது. பன்னிரண்டு சென்டிமீட்டர் நீளம்தான், கண்ணை எடுக்க முடியாது. பேராலயத்திலிருந்து நடக்கும் தூரம்.

கோவில்கள் என்றேன். தெற்குக் கடலோரத்தில் ஹஜார் இம், அங்கிருந்து இறங்கி நடந்தால் ம்னாய்த்ரா. இரண்டுக்கும் மேலே 2009இல் பெரிய கூடாரம் போட்டுவிட்டார்கள், அதைப் பார்த்து முகம் சுளிக்கிறவர்கள் உண்டு. ஆனால் அந்தச் சுண்ணாம்புக்கல் மிகவும் மிருதுவானது, வெயிலும் உப்புக்காற்றும் மழையும் அரித்துத் தின்றுகொண்டிருந்தன, வேறு வழியில்லை. ம்னாய்த்ராவின் தென்கோவிலில் இரவும் பகலும் சமமாக இருக்கும் நாட்களில் காலைச் சூரியன் வாசல் வழியாக நேராக உள்ளே விழும். கோசோவில் இருக்கும் ஜகந்தியா இன்னும் பழையது, கி.மு. 3600 வாக்கில் தொடங்கியது, எகிப்துப் பிரமிடுகளுக்கு ஏறத்தாழ ஆயிரம் ஆண்டு மூப்பு. பீன்ஸும் தேனும் தின்று, தோளில் குழந்தையோடு ஒரு ராட்சசி கல் சுமந்து கட்டினாள் என்பது ஊர்க்கதை. வழிகாட்டிகளே, இதையெல்லாம் மைக்கில் சொல்லக்கூடாதா? ஓட்டல் வைஃபை கடவுச்சொல்லை மட்டும் நான்கு தடவை சொல்கிறீர்கள்.

கோசோ என்றதும் இன்னொன்று. உங்கள் விளம்பரத் தாளில் கடலுக்குள் நிற்கும் அந்தப் பெரிய கல்வளைவின் படத்தைத் தயவுசெய்து எடுத்துவிடுங்கள். 2017 மார்ச் 8ஆம் தேதி புயலில் அது இடிந்து கடலில் விழுந்துவிட்டது, ஒரு தூண்கூட மிச்சமில்லை. அந்தப் படத்தைப் பார்த்துப் பணம் கட்டிய ஓர் அம்மா "எங்கேப்பா அந்த வாசல்?" என்று கேட்டபோது உங்கள் ஆள் கைபேசியை நோண்டிக்கொண்டிருந்தார். அந்தத் த்வெய்ரா கடற்கரையில் பார்க்க இன்னும் நிறைய இருக்கிறது. பாறைக்குள் இருக்கும் குகைவழியில் சின்னப் படகில் புகுந்து திறந்த கடலுக்கு வரலாம். ஆனால் இல்லாததை விற்றுவிட்டு இருப்பதைக் காட்டினால் யாருக்கும் மனசு நிறையாது.

கொமினோவின் நீலக் குளத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கோடையில் கால் வைக்க இடம் கிடைக்காமல்தான் 2025இல் நேரம் குறித்து முன்பதிவு செய்யும் முறையையே கொண்டுவந்தார்கள். நிழல் கிடையாது. போயே தீரவேண்டும் என்றால் அக்டோபருக்குப் பிறகு போங்கள், தண்ணீரைப் பார்த்துவிட்டு 1618இல் கட்டிய காவல் கோபுரம்வரை நடங்கள்.

சாப்பாட்டையும் கொஞ்சம் மாற்றுங்களேன். மால்டாவுக்குப் போயும் பன்னீர் மசாலாதானா? தெருமுனைக் கடையில் சூடாகக் கிடைக்கும் பஸ்திட்ஸியை வாங்கிக் கொடுங்கள், பாலாடைக்கட்டி வைத்ததும் இருக்கும், பட்டாணி வைத்ததும் இருக்கும், விலையும் மிகக் குறைவு. மாவில் பன்றிக்கொழுப்பு சேர்க்கும் கடைகளும் உண்டு, சைவக்காரர்களுக்காக நீங்களே கேட்டுச் சொல்லிவிட்டால் நல்லது.

வல்லெட்டாவுக்கு வெளியே பியெட்டாவில் ராணுவ மயானம் ஒன்று இருக்கிறது. முதல் உலகப்போரில் காயம்பட்டு மால்டா மருத்துவமனைகளுக்கு வந்து இறந்துபோன, எரியூட்டப்பட்ட இந்திய வீரர்களுக்கும் அங்கே நினைவுச்சின்னம் உண்டு. இந்தியாவிலிருந்து குழு கூட்டிவரும் உங்களுக்கே அது தெரியாமல் இருப்பது எனக்கு ஆச்சரியம்தான். பத்து நிமிடம் வண்டியை நிறுத்தினால் போதும்.

நான்கு இரவு, அதில் ஒன்றாவது கோசோவில். ஜூலை, ஆகஸ்ட் வேண்டாம், மார்ச்சோ நவம்பரோ பாருங்கள், வெயிலும் தணிந்திருக்கும், அறை வாடகையும் குறையும். 'அதிக நாள் என்றால் விலை ஏறும், ஆட்கள் வரமாட்டார்கள்' என்பீர்கள். அப்படியானால் சிசிலியை இன்னொரு வருடத்துக்குத் தள்ளிவையுங்கள். அதுவும் முடியாதென்றால் தாளில் 'மால்டா' என்று போடாதீர்கள், 'வல்லெட்டாவில் சில மணி நேரம்' என்று போடுங்கள், வருகிறவர்கள் தெரிந்தே வரட்டும்.

இப்படிக்கு,
உங்களோடு ஒருமுறை வந்து, அப்புறம் தனியாகப் போய்வந்த ஒரு பயணி