பதக்கப் பட்டியல் குறித்து ஜப்பானின் நகோயாவில் இருக்கும் மகனுக்கு

புதுக்கோட்டை

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது. இங்கு நானும் அப்பாவும் நலம். உன் நலத்தையும் மருமகளின் நலத்தையும் அறிய ஆவல்.

சென்ற ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் நீ சொன்ன செய்தி நான்கு நாட்களாக என் மனத்தை விட்டு அகலவில்லை. 2026 செப்டம்பர் 19 அன்று உங்கள் ஊரில் தொடங்கவிருக்கும் ஆசிய விளையாட்டுப் போட்டியைப் பற்றிப் பேச்சு வந்தபோது, உன்னுடன் பணிபுரியும் ஜப்பானியர் ஒருவர் 1951 முதல் எல்லா நாடுகளும் வென்ற பதக்கங்களைக் கூட்டிப் போட்ட பட்டியலைக் காட்டினார் என்றும், சீனா, ஜப்பான், தென் கொரியா, ஈரான் ஆகியவற்றுக்குக் கீழே ஐந்தாவதாக இந்தியாவைக் கண்டு உனக்குத் தலைகுனிவாக இருந்தது என்றும் சொன்னாய். முப்பத்தோரு ஆண்டுகள் பெண் பிள்ளைகளை மைதானத்தில் ஓடவிட்ட ஓர் உடற்கல்வி ஆசிரியைக்கு இது ஐந்து நிமிடத்தில் பேசி முடிக்கக்கூடிய விஷயம் அல்ல. அதனால்தான் எழுதுகிறேன்.

அந்தப் பட்டியலில் உள்ள எண்கள் சரியானவையே. அதில் ஆண்டுகளைக் காணோம் என்பதுதான் என் குறை. நான் கல்லூரியில் படித்த காலத்திலிருந்து வைத்திருக்கும் நீல அட்டை நோட்டு உனக்கு நினைவிருக்கும். ஒவ்வொரு போட்டிக்கும் ஒரு பக்கம்; பழைய போட்டிகளையும் நூலகத்தில் தேடி எழுதிச் சேர்த்தேன். அதன் முதல் பக்கத்தைப் பார். 1951 மார்ச்சில் புது தில்லியில் பதினொரு நாடுகள் கூடின. வழங்கப்பட்ட தங்கப் பதக்கங்கள் மொத்தமே 57. அவற்றில் ஜப்பான் 24, நாம் 15. நூறு மீட்டர் நீச்சலில் சச்சின் நாக் வென்றார். கால்பந்து இறுதி ஆட்டத்தில் ஈரானை 1-0 என்று வென்றோம். கொடுக்கப்பட்ட தங்கங்களில் நான்கில் ஒரு பங்குக்கு மேல் நம் கையில் இருந்தது. போட்டி நம் மண்ணில் நடந்தது, வந்த நாடுகள் குறைவு என்பதும் உண்மை. ஆனால் அந்த இரண்டாம் இடம் பிறகு ஒருமுறை கூட நமக்குக் கிடைக்கவில்லை.

இப்போது கடைசிப் பக்கம். 2023இல் ஹாங்சோவில் கொடுக்கப்பட்ட தங்கங்கள் 480க்கு மேல். அவற்றில் சீனாவுக்கு மட்டும் 201. பத்தொன்பது போட்டிகளிலும் கலந்துகொண்டு நாம் இதுவரை சேர்த்த தங்கங்கள் எல்லாம் சேர்ந்தும் இருநூறைத் தொடவில்லை என்பதையும், அதைவிடக் கூடுதலாக ஒரு நாடு இரண்டே வாரங்களில் அள்ளிச் சென்றது என்பதையும் சேர்த்து யோசித்துப் பார். 57 தங்கம் கொடுத்த ஆண்டையும் 480க்கு மேல் தங்கம் கொடுத்த ஆண்டையும் ஒரே வரிசையில் கூட்டினால், பழைய ஆண்டுகளின் வெற்றிகள் புதிய எண்களுக்கு அடியில் மூழ்கிப் போகாமல் வேறு என்ன ஆகும்?

உன் ஜப்பானிய நண்பரிடம் நீ கேட்க வேண்டிய கேள்வியும் இதில்தான் இருக்கிறது. பட்டியலில் சீனா ஆயிரத்து அறுநூறு தங்கங்களுக்கு மேலும், ஜப்பான் ஆயிரத்துக்கு மேலும் வைத்திருக்கின்றன. சீனா முதன்முதலாக வந்ததே 1974இல், தெஹ்ரானுக்குத்தான். 1951 முதல் 1978 வரை எட்டுப் போட்டிகளிலும் முதலிடம் ஜப்பானுடையது. 1982இல் மீண்டும் தில்லியில் நடந்தபோது இரு நாடுகளுமே 153 பதக்கங்கள் பெற்றன. தங்கம் மட்டும் சீனாவுக்கு 61, ஜப்பானுக்கு 57. நான்கு தங்க வித்தியாசத்தில் கைமாறிய அந்த முதலிடம், அடுத்து வந்த பத்துப் போட்டிகளிலும் சீனாவை விட்டு நகரவில்லை. நான் அப்போது பள்ளி மாணவி. ஊரில் தொலைக்காட்சி இருந்த ஒரே வீட்டுத் திண்ணையில் நின்று பார்த்தேன். அந்த நான்கு தங்கத்தை உன் நண்பரின் தந்தை இன்றும் நினைவில் வைத்திருப்பார் என்றே எனக்குத் தோன்றுகிறது. அவரிடம் கேள்.

எந்த விளையாட்டுக்கு எத்தனை பதக்கம் என்பதையும் அந்தப் பட்டியல் சொல்வதில்லை. 2018இல் ஜகார்த்தாவில் ஜப்பானின் ரிகாக்கோ இக்கே என்ற பதினெட்டு வயதுப் பெண் நீச்சலில் ஆறு தங்கமும் இரண்டு வெள்ளியும் வென்றாள். (மறு ஆண்டு அவளுக்கு ரத்தப் புற்றுநோய் என்று செய்தி வந்தபோது நான் அழுதேன், அதிலிருந்து மீண்டு டோக்கியோ ஒலிம்பிக்கில் அவள் நீந்தியதையும் பார்த்தேன்.) நம் ஆடவர் கபடி அணி அதே ஆறு தங்கங்களைச் சேர்க்க 1990 முதல் 2010 வரை இருபது ஆண்டுகள் பிடித்தன. ஓர் அணி முழுவதும் மூச்சடக்கிப் பாடி வென்றாலும் பட்டியலில் அது ஒன்று. நீச்சல் குளங்களைக் கட்டி, சிறுவயதிலேயே பிள்ளைகளைப் பயிற்றும் நாடுகள் மேலே போவதில் வியப்பு இல்லை. நான் வேலை பார்த்த பள்ளிகள் எதிலும் நீச்சல் குளம் இருந்ததில்லை.

ஆகவே நமக்கு வெட்கப்பட எதுவுமே இல்லை என்று நான் சொல்ல வருவதாக நினைத்துவிடாதே. ஐந்தாம் இடத்துக்கு வருந்தாதே. அதற்குச் சற்றுக் கீழே பார். கஜகஸ்தான் இருக்கிறது. சோவியத் ஒன்றியம் உடைந்த பிறகு 1994இல் ஹிரோஷிமாவில்தான் அது முதன்முதலாக வந்தது. ஏறத்தாழ இரண்டு கோடி மக்கள்; எட்டே போட்டிகள்; 150க்கு மேல் தங்கம். நாம் பத்தொன்பது போட்டிகளில் எடுத்ததை அது எட்டில் நெருங்கிவிட்டது. 1990இல் பெய்ஜிங்கிலிருந்து நாம் ஒரே ஒரு தங்கத்துடன், அதுவும் கபடியில், திரும்பினோம். நான் வேலையில் சேர்ந்த ஆண்டு அது. அதற்கு முந்தைய சியோல் போட்டியில் நமக்குக் கிடைத்த ஐந்து தங்கங்களில் நான்கு பி.டி. உஷா ஓடியவை, அவற்றில் ஒன்று தொடர் ஓட்டம். அவரைப் பார்த்துத்தான் நான் இந்தப் படிப்பையே எடுத்தேன். ஒருவருக்குத் தங்கம் கிடைக்காமல் போனதும் ஒரு தேசத்தின் கணக்கு ஒன்றுக்கு இறங்கியதே, அதுதான் எனக்குத் தலைகுனிவு. ஹாங்சோவில் 28 தங்கத்துடன் 107 பதக்கங்கள் வந்த இரவு நான் தூங்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பட்டியலின் அடிப்பகுதியையும் தள்ளிவிடாதே. இலங்கையின் எதிரே ஒரு சிறிய எண் இருக்கும். அதன் முதல் தங்கம் 1958இல் நீ வாழும் நாட்டில், டோக்கியோவில், யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த நாகலிங்கம் எதிர்வீரசிங்கம் 2.03 மீட்டர் உயரம் தாண்டி வாங்கியது. எதிர்வீரசிங்கத்தின் தாண்டலும் அந்த எண்ணில் ஒன்றாகத்தான் நிற்கிறது.

கடைசியாக, அடித்தலும் திருத்தலும். ஜகார்த்தாவில் ஆணும் பெண்ணும் சேர்ந்து ஓடும் 4×400 மீட்டர் கலப்புத் தொடர் ஓட்டத்தில் நம் அணி வெள்ளிதான் வாங்கியது. லால்குடியைச் சேர்ந்த ஆரோக்கிய ராஜீவ் அந்த நால்வரில் ஒருவர். முன்னால் வந்த பஹ்ரைன் அணியின் வீராங்கனை ஒருவர் ஊக்கமருந்து சோதனையில் சிக்கியதால் பின்னர் அது தங்கமானது. அதே காரணத்தால் 400 மீட்டர் தடை தாண்டும் ஓட்டத்தில் நான்காவதாக வந்த அனு ராகவனுக்கு வெண்கலம் வந்தது. என் நோட்டில் 15 தங்கத்தை 16 என்றும், மொத்தம் 69 என்பதை 70 என்றும் சிவப்பு மையால் திருத்தினேன். 2006ஆம் ஆண்டுப் பக்கத்தில் மட்டும் திருத்த என்னால் முடியவில்லை. நம் மாவட்டத்துக் கத்தக்குறிச்சியிலிருந்து போன சாந்தி சௌந்தரராஜன் தோஹாவில் 800 மீட்டரில் வாங்கிய வெள்ளியைப் பாலினச் சோதனையின் பேரில் பறித்துக்கொண்டார்கள். அவர் எந்த மருந்தையும் உட்கொண்டதாக யாரும் சொல்லவில்லை. உன் நண்பர் காட்டிய பட்டியலில் அந்த வெள்ளி இருக்காது. என் நோட்டில் இருக்கிறது.

செப்டம்பரில் விடுப்புக் கிடைத்தால், தடகளம் நடக்கும் ஒரு நாளுக்காவது நீங்கள் இருவரும் நுழைவுச்சீட்டு வாங்குங்கள். தொடர் ஓட்டம் உள்ள நாளாக இருந்தால் நல்லது. முடிவுகளை எழுதி அனுப்பும்போது முதல் மூவரோடு நிறுத்திவிடாதே. நான்காவதாக வந்தவரின் பெயரையும் எழுது. புதிய பக்கத்தில் அதற்கும் ஒரு கோடு போட்டு வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
அம்மா