அளவு நோட்டில் மாறாத எண்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

காரைக்குடி செக்காலைப் பக்கம் 31 வருடமாகப் பெண்களுக்கு ஜாக்கெட், சுடிதார் தைத்துக் கொடுக்கிறேன். உங்கள் ஞாயிறு இணைப்பில் ஆடி மாதம் ஒரு எடைக்குறைப்பு நிலையத்தின் விளம்பரம் வந்தது. எடையைக் குறைப்பதோடு 45 நாளில் உடல்வாகையே மாற்றித் தருவதாகவும், அகன்ற இடுப்பு சின்னதாகிவிடும் என்றும் அதில் போட்டிருந்தார்கள். போன ஞாயிறு அதே விளம்பரம் மறுபடி வந்திருக்கிறது. அதனால்தான் இந்தக் கடிதம்.

முதல் தடவை வந்தபோது அதை நம்பி 18 ஆயிரம் ரூபாய் கட்டிய பெண் என் வாடிக்கையாளர். 23 வயது. தை மாதம் கல்யாணம். பெண் பார்க்க வந்த இடத்தில் யாரோ ஒரு பெரியம்மா "பொண்ணு கீழே கொஞ்சம் அகலம்" என்று சொல்லிவிட்டுப் போனதிலிருந்து அந்தப் பிள்ளைக்குச் சோறு இறங்கவில்லை. அந்த நிலையத்தில் காலைக்கும் இரவுக்கும் ஒரு பொடியைக் கரைத்துக் குடிக்கச் சொல்லியிருக்கிறார்கள். மதியம் மட்டும் ஒரு கிண்ணம் காய். 45 நாளில் ஏழு கிலோ குறைந்தது உண்மைதான். கூடவே முடி கொத்துக்கொத்தாக உதிர்ந்தது, இரண்டு மாதம் தூரம் வரவில்லை, பேருந்து நிறுத்தத்தில் ஒருநாள் மயங்கி விழுந்தாள். முகூர்த்த ஜாக்கெட்டுக்கு அளவு கொடுக்க வந்தவள் என் கடைக் கண்ணாடி முன் நின்று, "அக்கா, இவ்வளவு பட்டும் இடுப்பு அப்படியேதானே இருக்கு" என்று அழுதுவிட்டாள்.

நான் அவளுக்கு என் அளவு நோட்டைத்தான் எடுத்துக் காட்டினேன். சித்திரையில் எடுத்த அளவு: தோள் பதினாலரை, மார்பு 36, இடை 31, சீட் (கீழ் இடுப்புச் சுற்றளவு) 41. இப்போது எடுத்தது: தோள் பதினாலரை, மார்பு முப்பத்து மூன்றரை, இடை இருபத்தெட்டரை, சீட் முப்பத்தொன்பதரை. இடையில் இரண்டரை இஞ்ச் போயிருக்கிறது, சீட்டில் ஒன்றரைதான். டேப்பைப் பிடித்தபடியே அவள் கையை எடுத்து அவளுடைய இடுப்பெலும்பின் இரண்டு முனையிலும் வைத்தேன். "இது எலும்பும்மா, இதைக் கரைக்க எந்தப் பொடியாலும் முடியாது" என்றேன்.

இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை, நோட்டுகளிலிருந்து தெரிந்துகொண்டேன். கடையில் 19 நோட்டுகள் இருக்கின்றன. ஒரு அம்மாவுக்கு 1998இல் கல்யாண ஜாக்கெட் தைத்தபோது தோள் 14, மார்பு 32, இடை 26. இரண்டு பிள்ளை பெற்று உடம்பு வைத்தபின் 2009இல் தோள் 14, மார்பு 38, இடை 34. 2016இல் மஞ்சள் காமாலை வந்து வற்றிப்போய் வந்து நின்றார். மார்பு 34, இடை 29. தோள் அதே 14. இளைத்தவர்கள் பழைய ஜாக்கெட்டைக் கொண்டு வந்தால் பக்கத் தையலைப் பிடிப்பேன், டாட்டை (மார்புக்குக் கீழ் பிடிக்கும் மடிப்புத் தையலை) கொஞ்சம் ஏற்றுவேன், முன்கழுத்து தொங்கினால் சரி செய்வேன். தோள் தையலைத் தொட வேண்டியே வராது. நல்ல கனத்த உடம்புக்காரர்கள் சிலருக்குத் தோளிலும் கால் இஞ்ச் குறைந்ததைப் பார்த்திருக்கிறேன். அது அங்கிருந்த சதை.

என் சொந்தக் கதையையும் சொல்கிறேன். எனக்குச் சர்க்கரை இருப்பது 48 வயதில் தெரிந்தது. மூன்று மாதச் சராசரியைக் காட்டும் சர்க்கரை அளவு (HbA1c) 7.8. சோற்றைப் பாதியாக்கி, சுண்டலும் கீரையும் சேர்த்து, விடியற்காலையில் முக்கால் மணி நேரம் நடந்து, 14 மாதத்தில் 11 கிலோ குறைத்தேன். முதலில் முகம் ஒட்டியது, அப்புறம் கழுத்து, கை, வயிறு. தொடை கடைசியாகத்தான் கொஞ்சம் இறங்கியது. எங்கே குறைய வேண்டும் என்று நாம் உடம்புக்கு உத்தரவு போட முடியாது. நான் முன்பும் மேலே ஒடுக்கம், கீழே அகலம். இப்போதும் அதே வாகுதான், சின்ன அளவில். சர்க்கரை மாத்திரையோடு 6.4க்கு வந்துவிட்டது. எனக்கு வேண்டியது அதுதான்.

என் டாக்டரிடம் இதைப் பற்றி நிறையக் கேட்டிருக்கிறேன். இளைக்கும்போது கொழுப்பு செல்கள் சுருங்குமே தவிர அவற்றின் எண்ணிக்கை குறைவதில்லை என்றார். தோளுக்கு அகலம் தருவது காறை எலும்பு, 25 வயதை ஒட்டி அதன் வளர்ச்சியும் நின்றுவிடும் என்றார். உடற்பயிற்சி செய்தால் தோளிலும் முதுகிலும் தசை ஏறி, நிற்கும் தோரணை மாறி, பார்க்க வேறு மாதிரி தெரியும். அது நிஜமான மாற்றம், நல்ல மாற்றமும்கூட. மாதவிடாய் நின்றபின் தொடையைவிட வயிற்றில் கொழுப்பு அதிகம் சேர்வதும் உண்டு, அதை என் நோட்டிலேயே பார்க்கலாம். நம் ஊர்ப் பெண்களுக்கு வயிற்றுச் சுற்றளவு 80 சென்டிமீட்டருக்குள், அதாவது முப்பத்தொன்றரை இஞ்சுக்குள் இருப்பது நல்லது, ஆண்களுக்கு 90 என்றும் சொன்னார். கவலைப்பட வேண்டிய அளவு அதுதான். கீழ் இடுப்பு அகலமாக இருப்பது நோய் இல்லை.

இன்னொன்றும் அவர் சொன்னார். சர்க்கரை வரும் விளிம்பில் இருந்தவர்களைச் சென்னையில் டாக்டர் ஏ.ராமச்சந்திரன் குழுவினர் மூன்று வருடம் கவனித்து 2006இல் முடிவை வெளியிட்டார்கள். சாப்பாட்டையும் நடையையும் சீர்செய்துகொண்டவர்களுக்கு எடை பெரிதாகக் குறையவில்லை. ஆனாலும் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு 28 சதவீதத்துக்கு மேல் குறைந்திருக்கிறது. இந்தச் செய்தியை உங்கள் இணைப்பில் பெரிய எழுத்தில் போடக் கூடாதா?

எடை குறைக்காதீர்கள் என்று நான் யாரிடமும் சொல்ல மாட்டேன், நானே குறைத்தவள். எடை குறைந்தால் உடல்வாகு மாறிவிடும் என்று சொல்லிப் பணம் வாங்குவதைத்தான் பொறுக்க முடியவில்லை. பிறந்த எலும்புக்காக ஒரு பிள்ளை பட்டினி கிடந்திருக்கிறாள். என் வாடிக்கையாளரான ஒரு வக்கீல் அம்மா சொல்லித்தான் தெரியும்: ஆட்சேபகரமான மருந்து விளம்பரங்களைத் தடுக்க 1954லேயே ஒரு சட்டம் வந்திருக்கிறது. அதன் அட்டவணையில் உடல் பருமனும் இருக்கிறது, பெண்களின் மார்பக அமைப்பும் இருக்கிறது, உயரமும் இருக்கிறது. பொடியை மருந்து என்று சொல்லாமல் சத்துணவு என்று விற்றுத் தப்பித்துக்கொள்வார்களோ என்னவோ. இப்படிப்பட்ட விளம்பரத்தை அச்சேற்றும் முன் உங்கள் அலுவலகத்தில் ஒருவர் படித்துப் பார்க்கலாம் அல்லவா? ‘உடல்வாகை மாற்றுகிறோம்’ என்ற ஒரு வரியை எடுக்கச் சொன்னாலே போதும். அந்த வரியைப் படித்துத்தான் அவள் போனாள்.

அந்தப் பெண் இப்போது வீட்டுச் சாப்பாடு சாப்பிடுகிறாள். போன வாரம் முகூர்த்தப் பட்டை வெட்டினேன். தோள் பதினாலரை. இரண்டு பக்கமும் ஒன்றரை இஞ்ச் உள்தையல் விட்டிருக்கிறேன். தைக்குள் அவள் கொஞ்சம் தேறிவிடுவாள், அப்போது பிரித்துக் கொடுக்கலாம்.

இப்படிக்கு,
ஒரு தையல்காரர்,
காரைக்குடி.