மணலுக்கு மாநில எல்லை இல்லை

ஆசிரியருக்கு வணக்கம். கடலரிப்பைத் தடுப்பதில் தேசிய ஆய்வு நிறுவனங்களின் பங்கு குறித்துத் தங்கள் நாளிதழில் வெளியான கட்டுரையைப் படித்தேன். 1980-களின் இறுதியில் துறைமுகத்துக்காக அரியாங்குப்பம் முகத்துவாரத்தில் கட்டப்பட்ட அலைத்தடுப்புச் சுவர்கள், ஆண்டின் பெரும்பகுதி தெற்கிலிருந்து வடக்கே நகரும் மணலை மறித்ததால்தான் புதுச்சேரி தன் கடற்கரையை இழந்தது. 1993-இல் தொடங்கப்பட்ட, சென்னையிலுள்ள தேசிய கடல்சார் தொழில்நுட்பக் கழகம் வடிவமைத்த நீரடித் தடுப்பு அமைந்த பிறகே, வெறும் கருங்கற்கள் கிடந்த தலைமைச் செயலகத்தின் எதிரே மீண்டும் மணல் சேர்ந்தது. அதில் என் பேரப்பிள்ளைகள் ஓடி விளையாடியதைப் பார்த்து நெகிழ்ந்தேன்.

ஆனால் பணி நகரத்தின் முகப்போடு நின்றுவிடக் கூடாது. வடக்கே, தமிழக எல்லைக்குள் உள்ள எங்கள் உறவினரின் மீனவக் கிராமத்தில், வேர்கள் அந்தரத்தில் தொங்க நின்றிருந்த தென்னையில் பெரியப்பா தம் வலையை உலர்த்தியிருந்தார். ஐப்பசியில் ஒரே இரவில் தென்னையும் அது நின்ற மண்ணும் போயின. எனவே, இரு அரசுகளின் ஒப்புதலோடு கடலூர் முதல் மரக்காணம் வரை ஒரே கரையாகக் கருதி ஆண்டுதோறும் அளவெடுத்து, அந்த முடிவுகளை எளிய தமிழில் ஒவ்வொரு மீனவர் பஞ்சாயத்துக்கும் அக்கழகம் வழங்க வேண்டும்.

- வாசகர், முத்தியால்பேட்டை, புதுச்சேரி.