ஆண்டுப் பொதுக்குழு: செயலாளரின் ஆண்டறிக்கை 2024–25

அன்பார்ந்த உறுப்பினர்களுக்கும் குடும்பத்தாருக்கும் வணக்கம்.

வழக்கமான வேலைகளை முதலில் சொல்லிவிடுகிறேன். செயற்குழு மாதந்தோறும் கூடியது. மாவட்டப் பதிவாளருக்கு அனுப்ப வேண்டிய படிவங்கள் உரிய காலத்தில் போய்விட்டன. தெருவிளக்கு, நாய்த்தொல்லை மனுக்களில் பாதிக்குப் பலன் கிடைத்தது. எந்தப் பாதி என்பது நீங்கள் எந்தத் தெரு என்பதைப் பொறுத்தது. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார்.

இந்த ஆண்டு நம் நேரத்தை எடுத்துக்கொண்டது சாலை அகலப்படுத்தும் வேலை. சாலை இன்னும் ஓரடிகூட அகலமாகவில்லை. அதற்கு முன்பாகக் குடிநீர்க் குழாய், மின்கேபிள், இன்டர்நெட் கேபிள் எல்லாவற்றையும் ஓரமாக நகர்த்தும் வேலைதான் நடக்கிறது. ஓரம் என்றால் நம் பக்கத்தில் ஓடை. ஏரியின் உபரிநீர் வழியும் கலங்கலில் புறப்பட்டு, சாலையை ஒட்டியே வந்து, சிறுபாலத்தில் திரும்பிப் பள்ளிக்கரணைக்குப் போகிற அதே ஓடை.

பள்ளிக்கரணை சதுப்புநிலத்துக்கு 2022-இல், உலக அளவில் முக்கியமான ஈரநிலம் என்ற ராம்சர் அங்கீகாரம் கிடைத்தது. சுமார் 1,247 ஹெக்டேர். முப்பதுக்கும் மேற்பட்ட ஏரிகளின் உபரிநீர் அங்கே சேர்ந்து, ஒக்கியம் மடுவு, பக்கிங்காம் கால்வாய் வழியாகக் கோவளத்தில் கடலுக்குப் போகிறது. சதுப்புக்குக் காவல் இருக்கிறது. அதற்குத் தண்ணீர் கொண்டுபோகும் ஓடைக்கும் ஏரிக்கும்தான் இல்லை. 2017 ஈரநில விதிகள், பாசனத்துக்கென வெட்டிய நீர்நிலைகளையும் ஆற்று வாய்க்கால்களையும் வரையறையிலிருந்தே விலக்கிவிட்டன. ஏரிகளுக்கான 2007-ஆம் ஆண்டு மாநிலச் சட்டம் ஆக்கிரமிப்பைப் பற்றியது. குழாய்க்கும் கேபிளுக்கும் பள்ளம் தோண்டிக் கரையில் மாதக்கணக்கில் குவித்துவைத்த மண்ணை ஆக்கிரமிப்பு என்று எழுதித்தர யாரும் முன்வரவில்லை.

தகவல் உரிமை மனு போட்டு எஸ்டிமேட்டுகளை வாங்கினோம். சாலை வேலைக்கான எஸ்டிமேட்டில் வண்டல் தடுப்பு, மண் அகற்றம் எல்லாம் உண்டு. குழாய், கேபிள் மாற்றுவது டெபாசிட் வேலை. சாலைத் துறை அந்தந்தத் துறைக்குப் பணம் கட்டிவிட்டால் அவரவர் தனி எஸ்டிமேட், தனி கான்ட்ராக்டர். அவற்றில் ஓடை என்ற சொல்லே வரவில்லை. தளத்தில் கேட்டால், "அது எங்க ஐட்டத்துல இல்ல சார்" என்பார்கள். அவர்கள் சொன்னது உண்மைதான். நம் எல்லா மனுக்களும் இந்த ஒரு இடத்தைக் குறிவைத்தே எழுதப்பட்டன.

பள்ளத்தில் ஊறிய கலங்கல் நீரை மோட்டார் வைத்து நேரே ஓடையில் விட்டதை நீங்களே பார்த்தீர்கள். ஆட்சியர் அலுவலகக் குறைதீர் நாளில் மனு கொடுத்த பிறகு, ஒரு குழி வெட்டி வண்டல் படியவிட்டு வெளியேற்றினார்கள். செலவு ஒரு பொக்லைனின் அரைநாள் வாடகை.

குழாய்ப் பள்ளம் செய்த வேலையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். குழாயைச் சுற்றி எம்-சாண்ட் நிரப்புவது வழக்கம். ஆனால் நம் பக்கம் களிமண் பூமி. களிமண்ணுக்குள் நீளமாக ஒரு மணல் பாதை போட்டால், சுற்றியுள்ள ஈரமெல்லாம் அதில் இறங்கிச் சரிவுப் பக்கம் ஓடிவிடும். சிறுபாலத்துக்கு மேற்கே கோரை மண்டிய பள்ளத்தில் மாசி வரை தண்ணீர் நிற்கும். நாமக்கோழி குஞ்சோடு திரியும். இந்த முறை நல்ல மழை பெய்தும் பொங்கலுக்கே சேறு வெடித்துவிட்டது. கீழ்ப்பக்கத்து வால்வு சேம்பரைத் திறந்தபோது, குழாய் சுவருக்குள் நுழையும் இடுக்கில் தெளிந்த நீர் ஊறிக்கொண்டிருந்தது. குழாய்க் கசிவு என்றார் பொறியாளர். நம் துணைச் செயலாளர் சம்ப் தண்ணீருக்கு வைத்திருக்கும் குளோரின் சோதனைச் சொட்டு மருந்தை விட்டுப் பார்த்தார், நிறமே மாறவில்லை. குடிநீர்க் குழாயில் வந்த நீராக இருந்திருந்தால் மஞ்சளாகியிருக்கும். அப்படியானால் அது மணல் வழியே வடிந்து வந்த கோரைப் பள்ளத்து நீர். அதன் பிறகுதான், கோரைப் பள்ளத்தின் இரு எல்லையிலும் குழாயைச் சுற்றிய மணலைத் தோண்டி எடுத்து, குறுக்கே களிமண்ணை இடித்து அடைக்கச் சம்மதித்தார்கள். இனிப் பதிக்கும் நீளத்திலும் இடையிடையே இப்படித் தடுப்பு வைப்பதாகக் கடிதம் கொடுத்துள்ளார்கள். கடிதம் கோப்பில் இருக்கிறது.

கேபிள்களை ஓடையைத் தோண்டாமல் அடியில் துளையிட்டுக் கொண்டுபோகச் செய்தது நம் சங்கத்தின் வெற்றி என்று தயங்காமல் சொல்வேன். அதிலும் ஒரு சிக்கல் வந்தது. துளைக்குள் அழுத்தத்தோடு செலுத்தும் பென்டோனைட் கரைசல், மண் இளகிய இடத்தில் சம்புப் புதருக்கு நடுவே சாம்பல் நிறக் கூழாகக் கொப்பளித்து வந்தது. விஷமில்லை, ஆனால் மீனின் செவுளை அடைக்கும், அடியில் படிந்தால் முட்டைகளை மூடிவிடும். கரையோரம் குடியிருக்கும் நம் உறுப்பினர் அம்மா ஒருவர் பார்த்துக் கூப்பிட்டதால் வேலை நின்றது. மணல் மூட்டை அடுக்கி, லாரி வைத்து உறிஞ்சி எடுத்தார்கள்.

தீராதது ஒன்று இருக்கிறது. குடிநீர்க் குழாயைத் தற்காலிகம் என்று சொல்லிச் சிறுபாலத்தின் கண்களுக்குக் குறுக்கே கட்டிவைத்திருக்கிறார்கள். ஆகாயத்தாமரையும் குப்பையும் அதில் சிக்கித் தண்ணீர் மேல்பக்கம் ஏறுகிறது. 2015-லும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் தாழ்வான தெருக்களில் இருந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வெள்ள மட்டத்துக்கு மேலே தனித் தூண்களில் குழாயை ஏற்ற வேண்டும் என்று கேட்டிருக்கிறோம். வடகிழக்குப் பருவமழைக்கு முன் முடிக்கக் கோரும் தீர்மானம் இன்றைய கூட்டத்தில் வைக்கப்படுகிறது.

அதற்கு ஆதாரமாக, வேலை தொடங்கும் முன் சிறுபாலம் எப்படி இருந்தது என்று காட்டும் படங்கள் தேவை. யாரிடமாவது இருந்தால், தேதியோடு துணைச் செயலாளரிடம் கொடுக்கவும். கரையில் கிடக்கும் மண்ணைச் சொந்த மனைக்கு அடித்துக்கொண்ட உறுப்பினர்கள், மீதியையும் தயவுசெய்து எடுத்துக்கொள்ளவும்.

செயலாளர்