அம்மாவுக்கு விழுந்த பரிசு

பிள்ளை,

ஞாயிற்றுக்கிழமை ரெண்டு தரம் எடுத்தனான், நீ எடுக்கேல்ல. பறவாயில்ல, படிச்சுக்கொண்டு இருந்திருப்பாய். நேரத்துக்குச் சாப்பிடு. கிங்ஸ்டனில இன்னும் குளிராம், அந்தப் பெரிய ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு வெளிக்கிடு.

அம்மாவுக்கு ஒரு பரிசு விழுந்திருக்கு. கடையில ஏதோ துண்டு நிரப்பி பெட்டிக்குள்ள போட்டவவாம், நூறு டொலர் கிஃப்ட் கார்ட். ஆனா இந்தக் கனடாவில சும்மா தூக்கித் தரமாட்டினம்தானே. வெறும் அதிஷ்டத்துக்குப் பரிசு குடுத்தா கிரிமினல் கோட்டில சூதாட்டமா வந்திடுமெண்டு ஒரு கணக்கையும் செய்விச்சு, இவ திறமையால வெண்டவ எண்டு ஆக்கிப்போடுவினம். நாங்கள் காருக்குள்ள இருந்து டிம் ஹோர்ட்டன்ஸ் கோப்பிக் கடைக் கோப்பை விளிம்பை, உள்ளுக்கு என்ன பரிசெண்டு பாக்க, பல்லால கடிச்சு உருட்டின காலத்திலயும் விதியில இது இருந்தது, எங்களுக்கு டோனட்டுக்கு மேல ஒண்டும் விழேல்ல, அதால ஆர் வாசிச்சது.

சரி, கணக்கு இதுதான்: 18 + 6 × 7 − 10. கல்குலேட்டர் கூடாது, ஆரும் சொல்லிக் குடுக்கவும் கூடாது. நான் எட்டிப் பாத்தவுடன 158 எண்டன். அம்மா என்னைத் திரும்பியும் பாக்கேல்ல. ஃபிளையரின்ர பின்பக்கத்தில பென்சிலால எழுதி, அழிச்சு, திருப்பியும் எழுதி, கடைசியா 50 எண்டு போட்டா. இதுக்கும் பேப்பரோ எண்டு சிரிச்சனான். சிரிச்சு முடியத்தான் விளங்கினது, பெருக்கலை எல்லோ முதல் செய்யவேணும். எதை முதல் செய்யிறது எண்ட விதியை உனக்கு டீச்சர் பெட்மாஸ் எண்டு சொல்லித் தர, இல்லை அது பொட்மாஸ் எண்டு ஒரு மணித்தியாலம் உன்னோட மல்லுக்கட்டின மனுசன் நான்.

அண்டையிலயிருந்து மனம் ஒரு மாதிரி. உனக்கும் அதைத்தானே சொல்லிச் சொல்லி வளத்தனான். ஏழாம் வகுப்பில கவுஸ் எண்ட கணக்குப் போட்டியில நீ சேர்டிபிக்கேட் எடுத்தபோது மாமி வீட்டில வைச்சு என்ன சொன்னனான், இவள் புத்தகம் தொடுறதே இல்லை, பாத்தவுடன செய்வாள் எண்டு. நீ பக்கத்தில நிண்டனீ. பிறகு மேல் வகுப்புப் போட்டியளில பாஸ்கல் எழுதினாய், கேய்லி எழுதினாய், ஃபெர்மாவுக்குப் பேர் குடுக்கேல்ல. ஏனெண்டு கேட்டா விருப்பமில்லை எண்டாய். பிடிவாதம் எண்டு ஏசினனான். உன்ர பிடிவாதமும் கொஞ்சம் இருக்குத்தான்.

போன மாசம் பேஸ்மென்ற் துப்பரவாக்கேக்க அந்தச் சப்பாத்துப் பெட்டியைக் கண்டனான். முழுக்க ரஃப் பேப்பர். ஒரே கணக்கை நாலு தரம், அஞ்சு தரம் வெட்டி வெட்டிச் செய்திருக்கிறாய். எனக்குத் தெரியாம ஒளிச்சுவைச்சுப் படிச்சிருக்கிறாய் பிள்ளை. களவு செய்த பிள்ளை மாதிரி. எறிய மனம் வரேல்ல, உன்ர அறையில வைச்சிருக்கு.

தம்பி கல்குலஸ் பற்றி ஏதோ சொன்னவன். நான் அவனை மேல கேக்கேல்ல, உன்னையும் கேக்கேல்ல. விளங்காட்டி ஆரிட்டையும் கேள், புரொஃபசரிட்ட கேள், அவைக்கு அதுக்குத்தானே சம்பளம். ஒண்டுக்கு ரெண்டு தரம் செய். நித்திரை கொள். சாப்பாட்டை விட்டிடாதை. அவசரப்படாமச் செய், கேக்க வெக்கப்படாதை, நான் திருப்பித் திருப்பிச் சொல்லுறன் எண்டு கோவிக்காதை.

இன்னொண்டு. இலங்கையில நாட்டுப் பிரச்சினையால எனக்கு கம்பஸ் போகக் கிடைக்கேல்ல எண்டு உங்கள் ரெண்டு பேருக்கும் எத்தினை தரம் சொல்லியிருப்பன். பிரச்சினை இருந்தது உண்மை, ஆனா என்ர கதை அதில்ல. 1982 இல ஏ லெவல் எடுத்தனான், தூய கணிதம் எஸ், அதாவது சாதாரண பாஸ், பிரயோக கணிதம் எஃப், அதாவது ஃபெயில். என்னோட டியூட்டறியில இருந்த பெடியள் கனபேர் செக்கண்ட் ஷை, அதாவது ரெண்டாந்தரம் சோதினை, எடுத்தாங்கள், ரெண்டு பேர் மொறட்டுவை கம்பசுக்கும் போனவங்கள். நான் எடுக்கேல்ல. ஊரில எல்லாரும் என்னை மூளைசாலி எண்டு சொல்லி வைச்சிருந்தினம், திருப்பி இருந்து படிச்சும் வராட்டி என்ன முகத்தோட திரியிறது. அந்தப் பயத்தில கொழும்பில வேலை கிடைச்சிட்டுது எண்டு பொய் சொல்லி ரயில் ஏறினனான். வேலை கிடைக்க ஏழு மாசம் போனது.

உன்ர அப்பப்பா சாகுமட்டும் தன்ர மகனை நாடுதான் கெடுத்தது எண்டு ஆக்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தவர். நான் பக்கத்தில இருந்து கேட்டுக்கொண்டிருந்தனான்.

அம்மா அந்த ஃபிளையரை ஃப்ரிட்ஜில ஒட்டி வைச்சிருக்கிறா, பென்சில் கணக்கோட. கார்ட்டை நீ வந்தபிறகுதான் செலவழிப்பாவாம். வெள்ளி பின்னேரம் வாறதெண்டாச் சொல்லு, 401 ஹைவேயில இரண்டரை மணித்தியாலம்தானே, நானே வந்து ஏத்துறன். வழியில ஒண்டும் கேக்கமாட்டன்.

அந்த எஃப் கதை அம்மாவுக்குத் தெரியாது. நீ சொல்லிப்போடாதை, நானே சொல்லுறன்.

அப்பா